ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், 234 பானைக்கு?

குடவோலை என்று சொன்னாலே நம் உத்திரமேரூர்க்காரர்களுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், "ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நாங்க தேர்தல் நடத்தினோம்" என்று சுவரைக் காட்டுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவர் சொல்லும் பாடத்தை இன்றைய வாக்கு எண்ணிக்கையில் முழுசாகக் கடைப்பிடிக்கிறோமா என்பது வேறு கேள்வி. பாதிதான் கடைப்பிடிக்கிறோம் என்பது என் கருத்து. மீதிப் பாதி எங்கே விட்டுப்போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், மளிகைக் கணக்கைவிடக் கடினமில்லை.

முதலில் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் ஒன்று. பதினான்காம் ஆண்டில், 921இல் இன்னொன்று. முதல் ஏற்பாட்டில் இருந்த குறைகளை இரண்டாவது திருத்துகிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இட வேண்டும். மகாசபை முழுவதும், இளையோர் முதியோர் எல்லோரும், கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசிப்பார்கள். முப்பது குடும்புக்கும் இப்படித்தான், ஒவ்வொன்றாக.

அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. உழுதவருக்கும் இல்லை, பெண்களுக்கும் இல்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முறை என்று பார்த்தால், ஐந்து விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று யோசியுங்கள். மத்தியஸ்தர் திருடர் என்பதாலா? இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே எழக்கூடாது என்பதற்காக. நம்பிக்கையை மனிதனிடம் விடாமல், முறைக்குள் வைத்தார்கள். அதோடு, எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் யாருக்குச் செல்வாக்கோ அவர் இஷ்டப்படி நடக்க வழி விடவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்து, பிறகு உள்ளே விழுகிறது. விவிபாட் என்று சொல்கிறார்களே, அதுதான். அந்தச் சீட்டுகளை எல்லாத் தொகுதியிலும் எண்ணுகிறார்கள். ஆனால் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடியில் மட்டும். எந்த ஐந்து என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். சாவடி எண்ணை அட்டையில் எழுதி, மடித்து, ஒரு பாத்திரத்தில் போட்டு, முகவர்கள் முன்னிலையில் குலுக்கி எடுப்பது. பாருங்கள், குடவோலையேதான்! தமிழ்நாட்டில் 234 தொகுதியிலும் அன்று மாலை ஒரு சின்ன உத்திரமேரூர் நடக்கிறது. இது நாம் கடைப்பிடிக்கும் பாதி.

ஐந்து என்ற எண் எப்படி வந்தது? முதலில் தொகுதிக்கு ஒன்றுதான் இருந்தது. 2019 தேர்தலுக்கு முன்னால் இருபத்தொரு கட்சித் தலைவர்கள் பாதிச் சாவடிகளில் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். பாதியை எண்ணினால் முடிவு வர ஐந்தாறு நாள் தாமதமாகும் என்றது தேர்தல் ஆணையம். ஆணையம் கேட்டுக்கொண்டபடி இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்தவரும் மற்ற நிபுணர்களும் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். அப்போது சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த ராஜீவ கரந்திகரும் அந்தக் குழுவில் இருந்தார். நாடு முழுவதிலும் உள்ள பத்து லட்சத்துச் சொச்சம் இயந்திரங்களில் 479ஐக் குலுக்கி எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால், பழுதானவை 2 சதவீதத்துக்கும் குறைவு என்று 99.99 சதவீதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என்பது அறிக்கையின் சாரம். 2019 ஏப்ரல் 8 அன்று நீதிமன்றம் ஒன்றை ஐந்தாக்கியது. நாடு முழுவதும் 4,125 என்றிருந்தது 20,625 ஆயிற்று.

479 என்ற கணக்கு தப்பில்லை. அது பதில் சொல்லும் கேள்விதான் நம் கேள்வி இல்லை. நாடு முழுவதையும் ஒரே பானையாக வைத்து, "இந்தப் பானையில் வேகாத சோறு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருக்குமா?" என்று கேட்கிறது அது. நமக்கு வேண்டிய கேள்வி, "இந்தத் தொகுதியில் ஜெயித்ததாகச் சொல்லப்பட்டவர் நிஜமாகவே ஜெயித்தாரா?" என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. அடுத்த அடுப்பில் இருக்கும் பானைக்கு அந்தச் சோறு பதமாகுமா? தமிழ்நாட்டில் அடுப்பில் இருப்பவை 234 பானைகள். ஒவ்வொன்றும் வேறு அரிசி, வேறு தீ.

2021 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரில் வென்றவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் 1,35,571. சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. நம் உத்திரமேரூரில் சுமார் 1,600. மூன்றுக்கும் ஒரே அளவுகோல்: ஐந்து சாவடி.

இனி மளிகைக் கணக்கு. கணக்குச் சுலபமாக இருக்கத் தொகுதிக்கு 300 இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இயந்திரத்தில் 200 ஓட்டு ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குத் தவறிப் போனால், வித்தியாசம் 400 மாறும். இவருக்கு இருநூறு குறைய, அவருக்கு இருநூறு கூடுகிறதல்லவா? அந்தக் கணக்குப்படி ஆத்தூர் போன்ற தொகுதியில் முடிவு மாற வேண்டுமானால் 300 இயந்திரமும் பழுதாகியிருந்தாலும் போதாது. அங்கே ஐந்து எதற்கு, ஒன்றை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். 137 வித்தியாசமுள்ள இடத்திலோ ஒரே ஓர் இயந்திரம் போதும். 300இல் அந்த ஒன்று, குலுக்கி எடுத்த ஐந்தில் அகப்படும் வாய்ப்பு அறுபதில் ஒன்று. உத்திரமேரூர் அளவு வித்தியாசத்துக்கு ஐந்து இயந்திரம் கெட்டிருந்தால் முடிவு மாறிவிடும். ஐந்தை எண்ணி அந்த ஐந்தில் ஒன்றும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. பத்தில் ஒன்பது பங்கு நிச்சயமாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சுமார் 110 இயந்திரங்களின் சீட்டை எண்ண வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகுதிகள் எதிலும் தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. ஆத்தூரில் தேவைக்கு மேல் எண்ணுகிறோம், தியாகராய நகரில் தேவையில் சொற்பம்தான் எண்ணுகிறோம் என்பதுதான் என் குறை. உழைப்பு இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை.

இதற்கு மருந்து எண்பது வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. மருந்தைக் கண்டவர் உயிர் விட்டதும் நம் தமிழ்நாட்டு மண்ணில்தான். அவர் பெயர் ஆபிரகாம் வால்ட். 1902இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லரின் கை நீண்டபோது 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவர் குடும்பத்தில் பெரும்பாலோர் யூதப் படுகொலையில் மாண்டார்கள். 1943இல் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு சிக்கல். குண்டுகளைச் சோதிக்க இத்தனை ஆயிரம் சுட வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருக்கும். ஆனால் அனுபவப்பட்ட அதிகாரிக்குக் கொஞ்சம் சுட்டவுடனேயே சரக்கு தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் எதற்கு மீதியைச் சுட்டு வீணாக்க வேண்டும்? கேள்வி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டிடம் வந்தது.

அவர் சொன்ன வழியை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம். எத்தனை பார்ப்பது என்று முன்னாலேயே ஓர் எண்ணை நிர்ணயிக்காதே. ஒவ்வொன்றாகப் பார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள். கணக்கு மேல்கோட்டைத் தொட்டால் சரக்கு நல்லது, நிறுத்து. கீழ்க்கோட்டைத் தொட்டால் சரக்கு கெட்டது, நிறுத்து. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வரை அடுத்ததை எடு. இதில் முக்கியம், கோடு இரண்டையும் சோதனை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நடுவில் நகர்த்தக்கூடாது. இப்படிச் செய்தால் பல சமயம் பாதிச் சோதனையிலேயே அதே உறுதி கிடைத்துவிடும் என்று அவர் நிரூபித்தார். போர்க்காலத்தில் ராணுவ ரகசியமாக இருந்தது, 1945இல் வெளியாயிற்று. 1947இல் நூலாக வந்தது. இந்த யோசனைக்கு முன்னோடியாக நம் மகலநோபிஸ் வங்காளத்தில் படிப்படியாக நடத்திய சணல் கணக்கெடுப்பை அந்த நூலில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்திய அரசின் அழைப்பில் விரிவுரையாற்ற வால்ட் இங்கே வந்தார். 1950 டிசம்பர் 13 அன்று அவரும் மனைவியும் போன விமானம் நீலகிரி மலையில் மோதியது. இருவரும் இறந்துபோனார்கள். அவருக்கு வயது 48.

சோறு வடிக்கும் பெண்களிடம் வால்டின் முறையைச் சொன்னால், "இதுக்கா புஸ்தகம்?" என்பார்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். வெந்திருந்தால் வடிக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் இன்னொன்று, இன்னும் சந்தேகம் என்றால் கிளறிவிட்டு அடியிலிருந்து ஒன்று. இத்தனை பருக்கைதான் பார்ப்பேன் என்று யாரும் கணக்கு வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவதில்லை.

அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக நாற்காலி தேய்த்தவர்களுக்கும் இது புதிசில்லை. தணிக்கைக்கு வருகிறவர் வவுச்சர் கட்டிலிருந்து பத்தை உருவிப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் டீ குடித்துவிட்டுக் கையெழுத்து. ஒன்றில் கோளாறு என்றால் அந்த மாதம் முழுவதையும் எடுக்கச் சொல்வார். அதிலும் கோளாறு என்றால் வருஷம் முழுவதும். பத்துதான் பார்ப்பேன், பழுது வந்தால் அந்த ஒரு வவுச்சரை மட்டும் திருத்திவிட்டுப் போகிறேன் என்று எந்தத் தணிக்கையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னோர் உதாரணமும் நினைவுக்கு வருகிறது. பிரான்சின் தேர்தலே படிப்படியானது. முதல் சுற்றில் ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. இல்லாவிட்டால் முதல் இருவர் மட்டும் இரண்டாம் சுற்று. அதைப் பலோத்தாஜ் என்பார்கள். 1965இல் தெகோல் அவ்வளவு பெரிய ஆளாக இருந்தும் முதல் சுற்றில் பாதியைத் தாண்டவில்லை. மித்தெரானோடு இரண்டாம் சுற்றுக்குப் போய்த்தான் ஜெயித்தார். அவருக்கு அது அவமானம் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் விதி முன்பே எழுதியிருந்தது. ஆகவே யாரும் யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்டதாக ஆகவில்லை. அடுத்த படி தானாக வந்தது.

அந்த "தானாக" என்ற ஒரு சொல்தான் நம்மிடம் இல்லை. இங்கே எண்ணிய ஐந்து சாவடியில் ஒன்றில் இயந்திரமும் சீட்டும் பொருந்தாவிட்டால், மறுபடி எண்ணிப் பார்த்து, அந்தச் சாவடிக்குச் சீட்டுக் கணக்கே செல்லும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் மற்ற 295 சாவடி? வேட்பாளர் மனுக் கொடுக்கலாம். தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்கலாம், மறுக்கலாம். 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்து, இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர்கள் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களின் உள்ளகத்தைச் சோதிக்கலாம் என்றது. அதுவும் தோற்றவர் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதுதான். கேட்டவரைத் தோல்வியைத் தாங்காதவர் என்பார்கள். கேட்காவிட்டால் சந்தேகம் டீக்கடையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும். இரண்டும் நாட்டுக்கு நல்லதில்லை.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் வால்டின் வழியைத் தேர்தலுக்கே கொண்டுவந்துவிட்டன. பெர்க்லியில் இருக்கும் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் இதற்கு வழி வகுத்தவர். கொலராடோ மாநிலம் 2017 முதல் மாநிலம் முழுவதும் இதைச் செய்கிறது. பத்து முகமுள்ள தாயக்கட்டைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் இருபது முறை உருட்டி, வரும் எண்களை வைத்து எந்த வாக்குச்சீட்டுகளைப் பார்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். நம் ஊர்ச் சிறுவனின் கை அங்கே தாயக்கட்டையாகிவிட்டது. வித்தியாசம் பெரிதென்றால் சில நூறு சீட்டோடு முடிந்துவிடும். நெருக்கமென்றால் எண்ணிக்கொண்டே போக வேண்டும். 2020இல் ஜார்ஜியா மாநிலத்தில் சுமார் 50 லட்சம் ஓட்டில் வித்தியாசம் பன்னிரண்டாயிரம் அளவில் இருந்ததால், எல்லாவற்றையும் கையாலேயே எண்ணினார்கள். எண்ணி முடித்த பிறகும் வென்றவர் அவரேதான்.

நம்மிடம் இதைச் சொன்னால் வரும் ஆட்சேபம் மூன்று. முதலாவது, நேரம். எல்லா இடத்திலும் பாதியை எண்ணினால்தான் நாள் கணக்காகும். படிப்படி முறையில் பெரும்பாலான தொகுதிகள் அன்றே முடிந்துவிடும். நெருக்கமான சில தொகுதிகள் மட்டும் இரண்டொரு நாள் கூட எடுக்கும். அந்தத் தொகுதி மக்கள் ஐந்து வருஷம் அந்த எம்.எல்.ஏ.வோடு இருக்கப் போகிறார்கள். இரண்டு நாள் பொறுக்க மாட்டார்களா? இரண்டாவது, கையால் எண்ணினால் தப்பு வரும் என்பது. வரும்தான். ஒன்றிரண்டு சீட்டு முன்பின் ஆவது சகஜம். அந்த ஒன்றிரண்டு, முடிவை மாற்றும் அளவா இல்லையா என்பதைத்தான் முறை பார்க்கிறது. ஆயிரம் வித்தியாசத்தில் இரண்டு சீட்டு ஒரு பொருட்டில்லை. மூன்றாவது, சந்தேகப்படுகிறவர்களுக்குத் தீனி போட்டதாகும் என்பது. இதற்குப் பதில் நம் கோயில் சுவரிலேயே இருக்கிறது. உள்ளங்கையை விரித்துக் காட்டியதால் மத்தியஸ்தரின் மரியாதை குறைந்ததா என்ன?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஐந்து என்பது முதல் படியாக இருக்கட்டும், கடைசிப் படியாக வேண்டாம். வித்தியாசம் குறையக் குறைய எத்தனை சாவடி என்று ஓர் அட்டவணையைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட வேண்டும். எண்ணியதில் கணிசமான முரண் வந்தால் அடுத்து எத்தனை, அதிலும் வந்தால் எத்தனை, எந்தக் கட்டத்தில் தொகுதி முழுவதும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். யாரும் மனுக் கொடுக்காமல், எவர் தயவும் இல்லாமல், அட்டவணைப்படி தானாக நடக்க வேண்டும். எண்களைப் போட்டுக் கொடுக்கக் கல்கத்தாவில் புள்ளியியல் கழகம் இருக்கிறது, சிறுசேரியில் கணிதவியல் கழகம் இருக்கிறது. வெளியூரிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை.

919இல் ஒரு விதி செய்து, குறை தெரிந்தவுடன் 921இல் அதைத் திருத்திப் பக்கத்திலேயே வெட்டி வைத்த ஊர் இது. இரண்டே வருஷம். நாம் 2019இல் ஐந்து என்று வைத்ததைத் திருத்துவதற்கும் நேரம் வந்துவிட்டது.